பழைய புல்லட் மக்கர் பண்ணினால்: அறிகுறி பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

இங்கே சொல்வது வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த பழைய 350 புல்லட்டுக்கு. பாயிண்ட் செட் (தீப்பொறிக்கான கரண்ட்டைத் திறந்து மூடும் முனைகள்), மிக்கார்ப் கார்புரேட்டர், வலது காலில் கியர், நான்கு கியர் பெட்டி, ஹெட்லைட் கூட்டின் மேல் ஒரு ஆம்பியர் மீட்டர். இவை இருந்தால் உங்கள் வண்டிதான். எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்த பின்னாள் வண்டிகளுக்குப் பாதி பொருந்தும், பாதி பொருந்தாது.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் கைகோத்து, பிறகு திருவொற்றியூரில் கட்டிய வண்டி இது. வரைபடம் இங்கிலாந்துடையது. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. பழைய எஞ்சினில் பல நட்டுகளும் இஞ்சு அளவுதான். மில்லிமீட்டர் ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்துவது போல இருக்கும். அந்தக் கிட்டத்தட்டதான் நட்டின் மூலையை மழித்துவிட்டு, அடுத்த முறை உளியும் சுத்தியலும் எடுக்க வைக்கும். சரியான ஸ்பேனர் கையில் இல்லையென்றால் அந்த நட்டை இன்றைக்குத் தொடாதீர்கள்.

வண்டி நின்றதும் எல்லோருக்கும் கை போவது கார்புரேட்டருக்கு. ஆனால் இந்த வண்டியில் “பெட்ரோல் கோளாறு” என்று கழற்றப்படுவதில் பெரும்பகுதி பாயிண்ட்டில் முடியும். அதனால் முதலில் கரண்ட், அப்புறம் பெட்ரோல், கடைசியில் எஞ்சின். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பாயிண்ட்டையும் ஜெட்டையும் சேர்த்துத் தொட்டால், வண்டி எடுத்தாலும் எதனால் எடுத்தது என்று தெரியாது.

உதைக்கும் முன் முள்ளைப் பாருங்கள்

ஆம்பியர் மீட்டர் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. ஹெட்லைட்டை அணைத்துவிட்டுச் சாவியைப் போடுங்கள். கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திக்கொண்டே முள்ளைக் கவனியுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயில் (பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் சுருள்) வழியே கரண்ட் ஓடும், முள் மைனஸ் பக்கம் சில ஆம்பியர் இறங்கி நிற்கும். பாயிண்ட் திறந்ததும் முள் நடுவுக்குத் திரும்பும். எஞ்சினைச் சுற்றச் சுற்ற இந்த இறக்கமும் ஏற்றமும் மாறி மாறி வர வேண்டும்.

முள் இறங்கவே இல்லையா? காயிலுக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது பாயிண்ட் முகத்தில் அழுக்கு. ஃபியூஸ், பேட்டரி முனை, சாவி சுவிட்ச், காயில் முனையில் தளர்ந்த ஒயர் என்ற வரிசையில் பாருங்கள். 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் கட்டி வைத்துக்கொண்டால் போதும், மீட்டர் வேண்டியதில்லை. ஒரு முனையை எஞ்சினில் வைத்து, மறுமுனையால் ஒயர் வரும் வழியைத் தொட்டுக்கொண்டே போங்கள். எங்கே பல்பு அணைகிறதோ அதற்கு முந்தைய இணைப்பில்தான் கோளாறு. 6 வோல்ட் வண்டிக்கு 6 வோல்ட் பல்பு.

முள் மைனஸில் இறங்கி, எவ்வளவு சுற்றினாலும் நடுவுக்கு வரவில்லையென்றால் பாயிண்ட் திறக்கவில்லை. இடைவெளி சுத்தமாக மூடிக்கிடக்கும், அல்லது கண்டென்சர் (பாயிண்ட்டில் பெரிய பொறி எழாமல் காக்கும் சின்ன உருளை) உள்ளுக்குள் ஷார்ட், அல்லது பாயிண்ட்டுக்கு வரும் சின்ன ஒயர் எங்கோ உடம்பில் உரசுகிறது. கண்டென்சர் ஒயரை மட்டும் கழற்றி மறுபடி சுற்றுங்கள். இப்போது முள் ஆடினால் குற்றவாளி கண்டென்சர்தான்.

சாவியைப் போட்டபடி விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. பாயிண்ட் மூடிய நிலையில் இருந்தால் காயில் சூடேறும், பேட்டரியும் காலி.

முள் ஆடுகிறது, உதைத்தால் எடுக்கவில்லை

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, கரண்ட் பலமில்லை அல்லது சோக்கு அதிகம். காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. கரிபிடித்துக் கறுப்பாக இருந்தால் துடைத்து, இடைவெளியை 0.5 மி.மீ. அருகில் வைத்து மறுபடி முயலுங்கள்.

தீப்பொறி பார்க்கும்போது பிளக்கை ஹெட்டின் குளிர்தகடுகள் (ஃபின்) மேல் வையுங்கள், பிளக் துவாரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். உதைத்ததும் துவாரத்திலிருந்து பெட்ரோல் புகை பீய்ச்சும், பொறி பட்டால் தீப்பிடிக்கும். நீலமாக, ‘டக்’கென்று சத்தத்தோடு பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக நூல் போல வந்தால் பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு, ஒயர் முனையை ஹெட்டிலிருந்து 5 மி.மீ. தள்ளிப் பிடித்துப் பாருங்கள். ஒயரை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். இப்போது பொறி பலமாக வந்தால் கேப் செத்துவிட்டது. அப்போதும் மஞ்சள்தான் என்றால் பாயிண்ட் மூடியைத் திறக்க வேண்டியதுதான்.

பாயிண்ட் சிலிண்டருக்குப் பின்னால் வலப்பக்கம் வட்டக் கிண்ணத்தில் இருக்கும். முகங்கள் சாம்பல் நிறத்தில் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியுமாக இருந்தால் மாற்றிவிடுவது நல்லது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது வீடு போய்ச் சேர மட்டும் உதவும். இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. கேம் மேடு பாயிண்ட்டை முழுதாகத் தள்ளித் திறந்த நிலையில் மட்டுமே அளக்க வேண்டும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசாக உரசிக்கொண்டு போனால் சரி.

கடையில் வாங்கிய புதுப் பாயிண்ட்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்க மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும். அதைத் துடைக்காமல் மாட்டிவிட்டு, “புது பாயிண்ட் போட்டும் எடுக்கலையே” என்று கார்புரேட்டரைக் கழற்றுவது இந்த வண்டியின் பழைய வேடிக்கைகளில் ஒன்று. விசிட்டிங் கார்டு ஒன்றைக் கொஞ்சம் பெட்ரோலில் நனைத்து, பாயிண்ட் இடையில் வைத்து இரண்டு முறை இழுங்கள். அப்புறம் காய்ந்த கார்டு ஒன்று. வேலை முடிந்தது. கேம் மேல் மெல்லிசாகக் கிரீஸ் தடவலாம். அள்ளி வைத்தால் சூட்டில் உருகிப் பாயிண்ட்டிலேயே போய் ஒட்டும்.

உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கிறது

கணுக்காலைக் கேட்டால் தெரியும், இதை அலட்சியம் பண்ணக்கூடாது. காரணம் இரண்டு: உதைத்த விதம், அல்லது டைமிங் (தீப்பொறி வரும் நேரம்) முந்தியிருப்பது.

முதலில் உதை. பெட்ரோல் டேப்பைத் திறந்து, எஞ்சின் குளிர்ந்திருந்தால் சோக்கைப் போட்டு, சாவி போடுங்கள். கிக்கர் கடினமாகி நிற்கும் வரை அழுத்துங்கள். டீகம்ப்ரஸர் லிவரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் குட்டி வால்வின் பிடி) பிடித்துக்கொண்டு, முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெல்ல நகர்த்துங்கள். லிவரை விடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், உடம்பு எடையோடு அடிவரை ஒரே உதை. பாதியில் காலை எடுக்கும் அரைமனது உதைதான் பல கணுக்கால்களை வாங்கியது.

இப்படி உதைத்தும் திருப்பி அடித்தால் டைமிங். இடைவெளியைச் சரிசெய்த பிறகுதான் டைமிங்கைத் தொட வேண்டும், ஏனென்றால் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். பாயிண்ட்டின் ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி குறைந்து தீப்பொறி தாமதமாகும். இடைவெளியைக் கூட்டினால் முந்தும்.

பிளக்கைக் கழற்றி, துவாரத்தில் சைக்கிள் ஸ்போக் ஒன்றை விட்டு, கம்ப்ரஷன் அடியில் பிஸ்டன் உச்சிக்கு வருவதைக் கண்டுபிடியுங்கள். ஸ்போக் உள்ளே வளைந்து மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான்காம் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைத் திருப்பினால் பிஸ்டனை நூல் பிடித்தாற்போல் நகர்த்தலாம். உச்சிக்கு வந்த பின் கொஞ்சம் பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் கொண்டுவந்து, உச்சிக்கு 0.8 மி.மீ. குறைவாக நிறுத்துங்கள். அந்த இடத்தில்தான் பாயிண்ட் பிரியத் தொடங்க வேண்டும். பாயிண்ட் தட்டின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, சாவி போட்டு, தட்டைத் துளித்துளியாகத் திருப்புங்கள். முள் மைனஸிலிருந்து நடுவுக்குத் துள்ளும் கணத்தில் ஸ்க்ரூவை முடுக்குங்கள். முடுக்கும்போது தட்டு நகரும், அதனால் இன்னொரு முறை சுற்றிச் சரிபாருங்கள்.

டைமிங் ஒரு நாள் சரி, மறுநாள் தப்பு என்றால் கேமுக்கு அடியில் இருக்கும் ஆட்டோ அட்வான்ஸை (வேகம் கூடினால் தீப்பொறியை முந்தவைக்கும் பகுதி) பாருங்கள். கேமைக் கையால் திருப்பி விட்டால் ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுக்க வேண்டும். துரு பிடித்து, முந்திய நிலையிலேயே சிக்கியிருந்தால் கிக்கர் அடிக்கத்தான் செய்யும். நடு போல்ட் தளர்ந்து கேம் வழுக்கினாலும் இதே கதை.

சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறினால் எடுக்கிறது

இருபது நிமிடம் நன்றாக ஓடி, டீக்கடையில் நிறுத்தினால் மறுபடி எடுக்காது. அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஒரே உதையில் எடுக்கும். முதல் சந்தேகம் கண்டென்சர். இருட்டில் பாயிண்ட் மூடியைத் திறந்து, யாரையாவது உதைக்கச் சொல்லிப் பாருங்கள். பாயிண்ட் இடையில் ஊசிமுனை அளவு பொறி இயல்பு. வெல்டிங் மாதிரி நீலமாகப் பளிச்சிட்டால் கண்டென்சரை மாற்றுங்கள். மலிவான பொருள், பையில் ஒன்று இருக்கட்டும். அது நன்றாக இருந்தால் அடுத்தது காயில். சூட்டில் கைவைக்க முடியாத அளவு கொதித்து, ஆறியதும் பொறி திரும்பினால் அதுதான்.

கரண்ட் இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி வருகிறது, ஆனால் சூட்டில் கிக்கர் லேசாக இறங்குகிறது என்றால் டேப்பட் (வால்வைத் திறக்கும் தண்டின் அட்ஜஸ்ட்மெண்ட்) இறுக்கம். வால்வு முழுதாக அமராமல் கம்ப்ரஷன் கசிகிறது. இப்படியே ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு கருகும்.

பத்து நிமிடம் ஓடி நின்றது, டேங்க் மூடியைத் திறந்தால் ‘புஸ்’

மூடியின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. குண்டூசியால் குத்துங்கள். இதற்காக ஹெட் வரை கழற்றப்பட்ட வண்டிகள் உண்டு.

ஐட்லிங் நிற்கவில்லை, சைலன்சர் வெடிக்கிறது

எஞ்சின் சூடான பிறகு பாருங்கள், குளிரில் எந்தப் புல்லட்டும் நிலையாக நிற்காது. மிக்கார்பில் ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுதும் உள்ளே விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அதுதான் தொடக்கம். அங்கிருந்து கால் சுற்று இப்படியும் அப்படியும் திருப்பி, எஞ்சின் வேகம் எங்கே அதிகமாக இருக்கிறதோ அங்கே விட்டுவிட்டு, ஸ்லைடு ஸ்க்ரூவால் ஐட்லிங்கைக் குறையுங்கள். உள்ளே திருப்பினால் பெட்ரோல் கூடும், வெளியே திருப்பினால் காற்று கூடும்.

ஏர் ஸ்க்ரூவைத் திருப்பியும் எந்த மாற்றமும் தெரியவில்லையென்றால் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பழைய பெட்ரோல் பசையாகி அந்தத் துளையில்தான் முதலில் உட்காரும். காற்றடித்து எடுங்கள். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி, அதன் பிறகு எந்த அட்ஜஸ்ட்மெண்டுக்கும் அடங்காது.

ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கும்போது சைலன்சர் பட்பட்டென்று வெடித்தால், பைப் ஹெட்டில் சேரும் இடத்தில் காற்று புகுகிறதா பாருங்கள். சேரும் இடத்தைச் சுற்றிக் கரிக்கோடு தெரியும். ஐட்லிங் தானாக ஏறி இறங்கினால் கார்புரேட்டர் ஹெட்டோடு சேரும் முகத்தில் கசிவு. அந்த இடத்தில் தண்ணீரை ஸ்பிரே பண்ணினால் எஞ்சின் சத்தம் மாறும். நட்டை இன்னும் முடுக்கி அடைக்கப் பார்க்காதீர்கள். முடுக்கி முடுக்கித்தான் அந்த முகம் வளைந்தது. கண்ணாடி மேல் நைசான உப்புத்தாளை விரித்து, முகத்தைத் தேய்த்துச் சமப்படுத்திப் புதுப் பேக்கிங் போடுங்கள்.

கார்புரேட்டர் வழியே ‘புஸ்க்’கென்று துப்பினால் பெட்ரோல் போதவில்லை அல்லது டைமிங் பிந்தியிருக்கிறது. குளிர் எஞ்சினில் ஓரிரு முறை துப்புவது ஒரு கோளாறே இல்லை.

புகை

நாள்கணக்கில் நின்ற வண்டியை எடுத்ததும் தெருவே மறையும் அளவு நீலப்புகை வந்து, ஐந்து நிமிடத்தில் அடங்கினால் பதற வேண்டாம். இந்த எஞ்சினில் ஆயில் டேங்க் தனியாக இல்லை, கிராங்க் கேஸின் பின்பகுதியே டேங்க். வண்டி நிற்கும்போது ஆயில் பம்பின் தட்டைத் தாண்டி மெல்லக் கசிந்து, கிராங்க் சுற்றும் அறையில் இறங்கிவிடும். எடுத்ததும் அது எரிகிறது.

இதில் வரும் பெரிய தப்பு, நின்ற வண்டியில் டிப் ஸ்டிக்கைப் பார்த்து “ஆயில் குறைஞ்சிருக்கு” என்று ஊற்றுவது. குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஓட ஆரம்பித்ததும் கீழே இறங்கிய ஆயில் டேங்குக்குத் திரும்பும், ஊற்றியதும் சேர்ந்து அளவு மீறி, மூச்சுக்குழாய் வழியே வெளியே கொட்டும். சில நிமிடம் ஓட்டி நிறுத்திய பிறகே அளவு பாருங்கள். மாதக்கணக்கில் நின்றதென்றால் எடுப்பதற்கு முன் கிராங்க் கேஸ் அடியிலுள்ள வடிநட்டைத் திறந்து அங்கே சேர்ந்ததை வடித்து, அதே அளவு 20W-50 ஆயிலை டேங்கில் ஊற்றலாம். ஒரே ராத்திரியில் இறங்கிவிடுகிறது என்றால் பம்ப் தட்டுகளைத் தேய்த்து உட்கார வைக்கும் வேலை, அது அனுபவமுள்ள மெக்கானிக்குக்கு.

ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. இறக்கத்தில் விட்டுவிட்டு மறுபடி கொடுக்கும்போது மட்டும் வந்தால் வால்வு கைடு தேய்மானம். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம், சோக்கு போட்டபடியே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எல்லா மூட்டிலும் ஆயில் வழிகிறது

ஒரு பேக்கிங் கசிந்தால் அந்தப் பேக்கிங். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் கசிந்தால் உள்ளே காற்றழுத்தம் வெளியேறவில்லை. மூச்சுக்குழாய் வழியில் வாத்து அலகு போன்ற ரப்பர் வால்வு ஒன்று இருக்கும். அது காய்ந்து இறுகினாலோ, குழாய் மடிந்தாலோ, ஆயில் போகிற வழியெல்லாம் பார்க்கும். ரப்பரை விரலால் அழுத்தினால் மென்மையாகத் திறந்து மூட வேண்டும்.

ஆயில் ஃபில்டரை மாற்றிய பிறகு மறக்கக் கூடாத ஒன்று. ஃபில்டர் அறை காலியாக இருக்கும், அது நிரம்பிய பிறகுதான் பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராட் கிராங்கில் சேரும் பேரிங்) ஆயில் போகும். அறையில் ஆயிலை ஊற்றிவிட்டு மூடுங்கள். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு நிறைய முறை கிக்கரை உதையுங்கள். ராக்கருக்குப் போகும் பைப்பின் பான்ஜோ போல்ட்டை (நடுவில் துளையுள்ள, ஆயில் போகும் போல்ட்) தளர்த்தி, அங்கே ஆயில் கசிவதைக் கண்ணால் பார்த்த பிறகே ஓட்டுங்கள். இதை விட்டுவிட்டு நேராக ரேஸ் பண்ணினால் பேரிங் போகும்.

டேப்பட் சத்தம்

எஞ்சின் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும், ராத்திரி முழுக்க நின்ற வண்டி உத்தமம். சிலிண்டர் வலப்பக்கம் அடியில் இருக்கும் மூடியைத் திறந்து, பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்துங்கள். இதில் ஃபீலர் கேஜுக்கு வேலையில்லை, இடைவெளி பூஜ்யம். புஷ் ராடைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் உருட்டினால் சுலபமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. லாக் நட்டை முடுக்கியதும் அளவு மாறியிருக்கும், மறுபடி உருட்டிப் பாருங்கள். இறுக்கமா தளர்வா என்று சந்தேகம் வந்தால் ஒரு நூல் தளர்வாகவே விடுங்கள். தளர்ந்த டேப்பட் சத்தம்தான் போடும், இறுகியது வால்வைச் சுடும்.

டேப்பட் சரியாக இருந்தும் ‘சிக் சிக்’ என்று சத்தமும் கரிக்கசிவும் இருந்தால் டீகம்ப்ரஸரைப் பாருங்கள். அதன் கேபிளில் கொஞ்சமாவது தளர்வு இருக்க வேண்டும். இழுத்துக் கட்டிய கேபிள் அந்தக் குட்டி வால்வை எப்போதும் லேசாகத் திறந்தே வைத்திருக்கும்.

கிளட்ச், கியர்

காலையில் முதல் கியர் ‘கடக்’கென்று விழுந்தால் பிளேட்டுகள் ஒட்டியிருக்கின்றன. எஞ்சினை எடுக்கும் முன் கிளட்சைப் பிடித்தபடி கிக்கரை இரண்டு முறை அழுத்துங்கள், விட்டுவிடும். ஏற்றத்தில் எஞ்சின் வேகம் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்கல். லிவரில் 2, 3 மி.மீ. தளர்வு இருக்கிறதா, செயின் கேஸ் ஆயில் லெவல் ஸ்க்ரூவுக்கு மேல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிளேட் வாங்கப் போக வேண்டும். இடப்பக்கச் செயின் கேஸை ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது. கசிந்தால் ரப்பர் சீலை மாற்றுங்கள். நட்டை வெறிகொண்டு முடுக்கினால் மூடி நசுங்கி, புது ரப்பரும் நிற்காது.

சிக்னலில் நியூட்ரல் கிடைக்காமல் தவித்தால் நியூட்ரல் ஃபைண்டர் லிவரைப் பயன்படுத்துங்கள். இரண்டு, மூன்று, நான்கு எதில் இருந்தாலும் கிளட்சைப் பிடித்து ஒரு மிதி, நியூட்ரல். முதல் கியரிலிருந்து மட்டும் வேலை செய்யாது.

சார்ஜ் ஏறவில்லை

ஐட்லிங்கில் ஹெட்லைட் போட்டால் முள் மைனஸில் ஆடுவது இயல்பு. கொஞ்சம் ரேஸ் பண்ணியும் நடுவுக்கு வரவில்லையென்றால் ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் ஒயர் இணைப்பு, பிறகு ரெக்டிஃபையர் (ஆல்டர்னேட்டர் கரண்ட்டைப் பேட்டரிக்கு ஏற்றதாக மாற்றுவது). ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் விளக்கு செத்தாலோ எஞ்சின் மிஸ் அடித்தாலோ, ஹெட்லைட் கூட்டுக்குக் கீழே, கழுத்துப் பகுதியில் ஒயர் உரசித் தோல் போயிருக்கும்.

பேட்டரி மாற்றும்போது பழைய பேட்டரியின் எந்த முனை உடம்புக்குப் போகிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள். பழைய வண்டிகளில் பிளஸ் முனையை எர்த் ஆகக் கொடுத்தவையும் உண்டு. பழக்கத்தில் மைனஸை உடம்பில் மாட்டினால் ரெக்டிஃபையர் அந்த நொடியே போய்விடும்.